நூலளவு

அந்தப் பச்சை உடையை மட்டும் மடித்து வைக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. அது கனமான சாட்டின். மடித்தால் கோடு விழும். விழுந்த கோடு இஸ்திரிப் பெட்டிக்கும் மசியாது. தோள் அகலமான ஹேங்கர் ஒன்றில் மாட்டி, மேலே பழைய வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்திவிட்டால் போதும். மற்ற உடைகளை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அவை பயன்பட்டு முடிந்தவை.

தேநீருக்கு நன்றி. நான் எதையும் மறைக்கப்போவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்வதுதான் என் பழக்கம். நடுவில் ஒரு கதை கிதை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தையல் வகுப்பில் கைகளுக்கு வேலை இருக்கும், காதுகளுக்கு இருக்காது. அதனால் பிள்ளைகளுக்கு விலங்குகளின் கதையோ மரங்களின் கதையோ சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

ராவியா அந்த வகுப்பில் என் மாணவி. ஊசியில் அவ்வளவு சூட்டிகை இல்லை, வாயில் சூட்டிகை. பிற்காலத்தில் அவள் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி நடத்துபவளாகி, கெய்ரோவில் அவள் குரல் கேட்காத சமையலறை இல்லை என்ற நிலைக்கு வந்ததில் எனக்கு வியப்பு ஏதும் இல்லை. நான் ஓய்வு பெற்று ஷுப்ராவில் தனியாக இருந்தபோது, அவளே என்னைத் தேடி வந்து, நிலையத்தின் உடை அறைக்குப் பொறுப்பாளராகச் சேர்த்துவிட்டாள். பள்ளியில் டீச்சரை அழைப்பதுபோலவே அங்கும் என்னை ‘அப்லா’ என்றுதான் அழைத்தாள். அவளைப் பார்த்து, ஒளிப்பதிவாளர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் நான் அப்லா ஆனேன்.

அவள் பருமனான பெண். இதைச் சொல்ல நான் தயங்கவில்லை. அவளும் ஒருநாளும் தயங்கியதில்லை. நம் ஊரில் மரியாதைக்காக ‘நிறைந்தவள்’ என்பார்கள் அல்லவா, அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"நிறைஞ்சவளாம்! நான் என்ன தண்ணித் தொட்டியா? குண்டுன்னே சொல்லுங்களேன், வாய் ஒண்ணும் வெந்துடாது" என்பாள்.

பருமனான பெண்களுக்கு உடை விற்கும் கடைகளில் ‘தனி அளவு’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். அந்தப் பலகையின்மேல் அவளுக்குத் தீராத கோபம். "உள்ள போனா மூணு நிறம் இருக்கும். கறுப்பு, பழுப்பு, அப்புறம் இன்னொரு கறுப்பு. நாம என்ன செத்தா போயிட்டோம், நமக்கு நாமே துக்கம் காக்க?" என்று நிகழ்ச்சியிலேயே கேட்டாள். ஆகையால் அவளுக்கு நான் மஞ்சளில் தைத்தேன், ஆரஞ்சில் தைத்தேன், மாதுளம்பூச் சிவப்பில் தைத்தேன். மறுநாளே நிலையத்துத் தொலைபேசி ஓயாது. "அந்த மஞ்ச கவுன் எங்க கிடைக்கும்? எனக்கும் அவ அளவுதான்" என்று அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்தும் அஸ்வானிலிருந்தும் பெண்கள் கேட்பார்கள். கடையில் கிடைக்காது, அப்லாவின் கையில்தான் கிடைக்கும் என்று ராவியா பெருமையாகப் பதில் சொல்வாள்.

எடைக்கருவி விஷயம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு நாள் வீட்டிலிருந்து தன் எடைக்கருவியைத் தூக்கி வந்து, கேமராவுக்கு முன்னால் அதை மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு புதினாத் தொட்டியை வைத்தாள். "இனி இது தாங்கவேண்டிய எடை இவ்வளவுதான்" என்றாள். அதன் பிறகு அந்தத் தொட்டி அவளுடைய மேசையை விட்டு நகரவே இல்லை. நாடு முழுக்கப் பெண்கள் எடைக்கருவிமேல் செடி வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

அதே நாளில்தான் இன்னொன்றும் சொன்னாள். "பத்து வருஷமா என் இடுப்பு ஒரே அளவு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கடவுள் வெட்டின அளவு. நம்பலேன்னா எங்க அப்லாவைக் கேளுங்க." கேமரா என் பக்கம் திரும்பியது. கழுத்தில் இஞ்ச் டேப்புடன் நான் தலையசைத்தேன். நான் திரையில் தெரிந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு நிலையம் கை மாறியது. புதிய முதலாளிகளுக்குப் புதிய கண்கள். தயாரிப்பாளர் மம்தூஹ் ஒரு மதியம் உடை அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, நான் துணி வெட்டும் மேசையின் விளிம்பில் உட்கார்ந்தார். அதில் யாரும் உட்காருவது எனக்குப் பிடிக்காது.

"அப்லா, மேலேருந்து சொல்லிட்டாங்க. நோன்புப் பெருநாள் நிகழ்ச்சிக்குள்ள ராவியா பாதியாகணுமாம். இல்லேன்னா அந்த இடத்துக்கு வேற பொண்ணாம்."

"அதை அவகிட்டயே சொல்ல வேண்டியதுதானே, சார்?"

"நானா? அந்தப் புதினாத் தொட்டி என் மண்டையில இருக்கும். நீங்க அவளுக்கு டீச்சர். பக்குவமாச் சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பா."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் எல்லோருக்கும் முன்னால் கோபப்படுவாள். ராஜினாமா எழுதி வீசிவிட்டுப் போவாள். அவள் இடத்துக்கு ஒரு குச்சிப் பெண் வந்து உட்காருவாள். இரண்டு மாதத்தில் சமையலறைகள் அவளை மறந்துவிடும். இப்படி ஓர் அவமானத்தை அவள் தலையில் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் நான் சொல்லிவந்த கதை ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. இஸ்மாயிலிய்யாவில் ஒரு தோட்டக்காரன். அவனிடம் ஒரு மாமரம். கிளை தாங்காத அளவுக்குக் காய்க்கும். இந்தக் கோடையில் கிளை முறிந்துவிடும் என்று தோட்டக்காரனுக்குத் தெரிந்தது. மரத்திடம் சொன்னால் அது வருந்தும். ஆகையால், மரம் காற்றில் கண் அயரும் நேரம் பார்த்து, நாளுக்கொரு பிஞ்சாகக் கிள்ளி எடுத்தான். காற்றுதான் உதிர்த்தது என்று மரம் நினைத்துக்கொண்டது. கிளை முறியவில்லை. மரத்துக்குத் தெரியாமலே மரம் பிழைத்தது. கதை அவ்வளவுதான்.

இந்தக் கதையை முடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரே ஒருத்தி மட்டும் எழுந்து நின்று, "அப்லா, மரத்துக்கு அந்தக் காயெல்லாம் வேணுமா வேணாமான்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். அவள் ராவியாதான். உட்காரச் சொன்னேன். மரங்கள் பேசுவதில்லை என்றேன். "தோட்டக்காரன்கூடப் பேசலையே" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் கதையை அதன் போக்கில் விடத் தெரியாதவள்.

மஞ்சள் உடையில் தொடங்கினேன்.

உங்கள் நிபுணர் சொல்லியிருப்பார், ஆனாலும் நானே சொல்வது நல்லது. உடையின் இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத் தைப்பது என் வழக்கம். பிற்பாடு பிரித்துவிட வசதி. பிரித்துவிட வசதி என்றால் பிடிக்கவும் வசதிதானே. ராவியா படப்பிடிப்பில் இருக்கும் நேரத்தில், பக்கத் தையலைப் பிரித்து, ஒரு நூல் அகலம் உள்ளே தள்ளித் தைத்தேன். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். பழைய ஊசித் துளைகள் தெரியாதிருக்க நீராவி காட்டி, நகத்தால் நீவிவிட்டேன். பருத்தியில் அது போய்விடும். சாட்டினில் முழுவதும் போவதில்லை. சாட்டினில் செய்திருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

அடுத்த வாரம் அவள் அதை அணிந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் ஆரஞ்சு உடையில் பொத்தான் போடும்போது மூச்சைச் சற்று உள்ளிழுத்தாள். மூன்றாவது உடையில் கண்ணாடியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"துணி சுருங்கிடுச்சா, அப்லா?"

"என்கிட்ட வர்ற துணி என்னிக்கும் சுருங்கினதில்லையே, ராவியா. தண்ணியில நனைச்சுக் காயவெச்சுத்தானே வெட்டுறேன்."

அது உண்மைதான். இன்றுவரை நான் அவளிடம் பொய் பேசியது இல்லை. நீ பருத்துவிட்டாய் என்று ஒரு முறைகூட என் வாயால் சொன்னதில்லை. வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் முகம் மாறியது எனக்குப் புரிந்தது. பருமனாக இருப்பதில் அவளுக்கு வெட்கம் இல்லை. அளவு மாறுவதில்தான் வெட்கம். பத்து வருடமாக ஒரே அளவு என்று நாட்டுக்கே சொன்னவள் அவள். இப்போது ஊதிக்கொண்டே போகிறாள் என்றால், இவ்வளவு நாளும் அவளை இகழ்ந்தவர்கள் சொன்னது சரி என்றாகிவிடும். யாரிடம் போய்ச் சொல்வாள்? எடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று காலைதோறும் லட்சம் பெண்களிடம் சொன்னவள், தனக்கு எடையைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாது. எடைக்கருவியில் ஏறிப் பார்க்கலாம் என்றால் அதன்மேல் புதினா வளர்ந்துகொண்டிருந்தது. ஆகையால் என்னிடம் மட்டுமே சொன்னாள்.

"யாருக்கும் தெரிய வேணாம் அப்லா. உங்களுக்கும் எனக்கும் மட்டும்."

"என் வாயிலிருந்து வராது" என்றேன். வரவும் இல்லை.

நாங்கள் இருவரும் காலையில் அந்த மேசையில்தான் பசியாறுவது வழக்கம். வழியில் வண்டிக்காரனிடம் ஃபூல் என்கிற சூடான அவரை மசியலும் ரொட்டியும் எலுமிச்சை ஊறுகாயும் வாங்கி வருவாள். பழைய காகிதம் விரித்து, ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்போம். நான் தனியாக வாழ்கிறவள். எனக்கு அது நாளின் நல்ல வேளை. மூன்றாவது உடைக்குப் பிறகு அவள் ஒரு பங்கு மட்டும் வாங்கி வந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. நான் பாத்துட்டு இருக்கேன்."

எதிரே உட்கார்ந்து, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு பார்ப்பாள். நான் கடைசித் துண்டுவரை சாப்பிடுவேன். மீதி வைத்தால் அவளுக்குச் சபலம் தட்டும் என்று கவனமாகத் துடைத்துச் சாப்பிட்டேன். அந்த மாதங்களில் எனக்கு நல்ல பசி இருந்தது.

அவள் மெலியத் தொடங்கினாள். மெலிந்தால் உடை தளரும். தளர்ந்தால் அவள் கவலை தீரும். கவலை தீர்ந்தால் பழையபடி தின்பாள். ஆகையால் அவள் மெலிகிற வேகத்துக்குச் சற்று முன்னால் என் ஊசி போகவேண்டியிருந்தது. இது எளிய வேலை அன்று. எல்லா உடையும் ஒரே அளவில் இறுக வேண்டும். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் காரியம் கெட்டுவிடும். வீட்டில் அவள் கலாபியா அணிபவள். அந்த அங்கிக்கு அளவு கிடையாது. உள்ளே இருப்பவர் யாராயினும் அது ஒன்றும் சொல்லாது. அவளுக்கு அளவு சொல்பவை உடை அறையில் தொங்கிய உடைகள் மட்டுமே.

அவளைப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்கிறீர்கள். சொன்னார்களே. எல்லோரும் சொன்னார்கள். "இளைச்சுட்டியே, ராவியா!" ஒப்பனைக்காரி சொன்னாள், காவலர் சொன்னார், எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நம் ஊரில் இது யார் யாரிடம் சொல்லாத வார்த்தை, ஐயா? கல்யாண வீட்டில் இரண்டு பெண்கள் சந்தித்தால் சலாமுக்கு அடுத்து வரும் வார்த்தை அதுதானே. குண்டானவளைப் பார்த்தால் இன்னும் அழுத்திச் சொல்வோம். ராவியாவே ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அதைச் சொல்பவள். அவள் உண்மையிலேயே இளைத்தபோது, அந்த உண்மையைச் சொல்ல இந்த நகரத்தில் வேறு வார்த்தை இருக்கவில்லை.

"பாவம், எல்லாரும் என்னைத் தேத்தறாங்க அப்லா. நேத்து லிஃப்ட்டுல அந்தக் கணக்குப்பிள்ளைகூட ‘இளைச்சுட்டீங்க மேடம்’ங்கறான். அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்றாள்.

நான் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி இருந்தது.

தினமும் காலையில் கண்ணாடி முன்னால் கைகளை விரித்து நிற்பாள். "இன்னிக்கு என்ன சொல்லுது அப்லா?" என்று கேட்பாள். கண்ணாடி காட்டியதை அவள் பார்க்கவில்லை. நான் ஜிப்பை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எங்கே நிற்கிறது என்பதிலேயே அவள் உயிர் இருந்தது. ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் இருந்தபோதுகூட யாரும் என்னை அவ்வளவு கவனித்ததில்லை.

ஒரு முறை மயங்கி விழுந்தாள். நானே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அங்கிருந்த செவிலி அவளை அடையாளம் கண்டு, வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள். "எடை பாக்கணுமே மேடம்" என்று கூச்சத்தோடு சொன்னாள். "அவ அதுல ஏற மாட்டான்னு நாட்டுக்கே தெரியுமேம்மா" என்றேன் நான். செவிலி கைதட்டிச் சிரித்தாள். "ஆமால்ல! எங்க வீட்டு மெஷின்மேலயும் புதினாதான்" என்றாள். எடை இருக்கவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்து, உப்பு சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ராவியா வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நல்ல வேளை அப்லா, காப்பாத்துனீங்க" என்றாள்.

நோன்பு மாதத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, தன்தாவிலிருந்து ஒரு பெண் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்தாள். நேரலை. அவள் சமையல் குறிப்பு கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும், ராவியா. நீயும் எங்களை விட்டுட்டுப் போறியா?"

"எங்க போறேன்? இங்கதானே உக்காந்திருக்கேன், கண்ணு."

"உன் கன்னமெல்லாம் எங்க? நானும் என் பொண்ணும் தினமும் பாக்கறோம். உன்னை மாதிரி ஒருத்தி டிவியில இருக்காளேன்னு என் பொண்ணு பள்ளிக்கூடம் போனா. இப்ப நீயும் அவங்க மாதிரி ஆயிட்டே. இளைச்சுட்டேன்னு சந்தோஷமாச் சொல்லல. வயித்தெரிச்சலோட சொல்றேன்."

ராவியா சிரித்தாள். "உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். கேமராவுக்கு இரக்கம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்று சமாளித்துவிட்டாள். உடை அறைக்கு வந்ததும், "அந்தம்மா எவ்வளவு நாசூக்காக் கிண்டல் பண்ணுது பாத்தீங்களா?" என்று கேட்டு அழுதாள். நான் அவள் கண் மையைத் துடைத்துவிட்டேன்.

நோன்பு மாதம் பிறந்தது. அது வேலையை எளிதாக்கியது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில் அவள் சாப்பிடாததை யாரும் கவனிக்கவேண்டியிருக்கவில்லை. மாலை பாங்கு கேட்டதும் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவோம். அவள் ஒரு பேரீச்சம்பழத்தைப் பிய்த்து, பாதியைத் தின்று, மீதியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்வாள். தொழவேண்டும் என்று எழுந்துவிடுவாள்.

பெருநாள் நிகழ்ச்சிப் படப்பிடிப்பன்று காலையில், மாதுளம்பூச் சிவப்பு உடையை அவளுக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். ஜிப் நடு முதுகில் நின்றது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னுமா அப்லா?" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. ஒரு பிள்ளை கணக்கின் விடையை மூன்றாம் முறையும் தப்பாகப் போட்டுவிட்டுக் கேட்பதுபோல் கேட்டாள். பிறகு என்மேல் சாய்ந்தாள். நான் தாங்கிக்கொண்டேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. உதவிக்கு யாரையும் அழைக்கத் தேவையிருக்கவில்லை. தனியாகவே அவளைத் தரையில் கிடத்த முடிந்தது. இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அவளுடைய தங்கை துரியா, குளிப்பாட்ட என்னையும் அழைத்தாள். "அவ உடம்பு உங்க கைக்குத்தானே பழக்கம், அப்லா" என்றாள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மாட்டிவிட்டிருந்த கலாபியாவைக் கழற்றியதும் துரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இது யாரு? எங்க அக்கா எங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் தண்ணீர் ஊற்றினேன். கஃபன் துணியைக் கிழித்து, அளவு பார்த்து, சுற்றினோம். அதில் தையல் கிடையாது. என் கைகள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது அப்போது ஒரு முறைதான்.

என்னைக் கண்டுபிடித்தது துரியாதான். அவளும் அக்காவைப் போலவே பருமன். முன்பெல்லாம் இருவருக்கும் ஒரே அளவு. முந்தைய ஆண்டு ஒரு கல்யாணத்துக்கு மஞ்சள் சாட்டின் உடையை அக்காவிடம் இரவல் வாங்கி அணிந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால், ராவியா போன பிறகு அந்த உடையை அவள் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். நாற்பதாம் நாளுக்கு முன்பு, அக்காவின் வாசனை இருக்கும் என்று அதை எடுத்து அணிந்து பார்த்திருக்கிறாள். அது அவள் தோளைத் தாண்டவில்லை. உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஊசித் துளைகள் கரையிலிருந்து உள்நோக்கி, வரிக்கு வரி, உழுத வயல்போல இருந்தனவாம்.

உடையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கத்தவில்லை.

"இது உன் தையல்தானே?"

அதுவரை அவள் என்னை ‘நீங்கள்’ என்றுதான் பேசுவாள்.

"என் தையல்தான், துரியா. வேற யாருக்கு இவ்வளவு நேரா வரும்?" என்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. அவள் திரையில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். மேலிடத்தின் உத்தரவு அப்படி. கிளை முறியக் கூடாது என்பதற்காகத் தோட்டக்காரன் செய்ததைத்தான் நானும் செய்தேன். காரணம் வேறு ஏதும் இல்லை.

மம்தூஹ் உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருப்பார். உங்கள் முகத்தில் தெரிகிறது. ஆம், அதுவும் உண்மைதான். தன்தாவிலிருந்து அந்தப் பெண் பேசிய பிறகு, நிலையத்துக்கு ஏராளமான பெண்கள் அதையே கேட்டு எழுதினார்கள். உடைக்குத் துணி தரும் வியாபாரி, பழைய ராவியா வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் இல்லை என்றாராம். மம்தூஹ் மறுபடி வந்து, மறுபடி என் மேசை விளிம்பில் உட்கார்ந்தார்.

"மேல இருக்கிறவங்க மனசு மாறிடுச்சு அப்லா. பழையபடி இருக்கட்டுமாம். நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க பொண்ணை. எனக்கு அவ முகத்தைப் பாத்துச் சொல்ல வெக்கமா இருக்கு. உங்க வாயால கேட்டா சந்தோஷப்படுவா."

சொல்கிறேன் என்றேன்.

நோன்பு தொடங்க அப்போது மூன்று வாரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். அன்று மதியமே அவள் வந்தாள். கைகளை விரித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். ஆரஞ்சு உடை. முதுகில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் துணி நேராக இறங்கியிருந்தது. அத்தனை ஆண்டுகளில் என் கையிலிருந்து அப்படி ஒரு வேலை வந்ததே இல்லை. "இன்னிக்கு என்ன சொல்லுது அப்லா?" என்று கேட்டாள். நடுவில் பேசி அந்த நேரத்தைக் கெடுக்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் சிவப்பு உடையில் வேலை இருந்தது.

ஆனாலும் அது அவளுடைய நன்மைக்காகத்தான். நான் அவளை என் மகளாகவே நினைத்தேன். வெளியே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தப் பச்சை உடை யாருடையது என்று தொடக்கத்தில் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதுவும் ராவியாவுக்குத்தான். நிலையம் கை மாறுவதற்கு வெகு முன்பு, அவள் என்னை வேலைக்குச் சேர்த்த முதல் குளிர்காலத்தில் வெட்டினேன். அப்போது அவளிடம் அளவு எடுக்கவில்லை. அவள் எப்படி இருக்கவேண்டும் என்று என் கைக்குத் தெரிந்ததோ அப்படி வெட்டினேன். அவளிடம் காட்டியதில்லை. அதன் தையலை மட்டும் நான் ஒருநாளும் தொடவில்லை. தொடத் தேவையில்லாத உடை அது.

ஹேங்கரில் மாட்டச் சொல்ல மறக்காதீர்கள். இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தால் அது அவளுக்குச் சரியாக இருந்திருக்கும்.